காற்றே அடிக்காத தீவு

"மறுபடியும் போடு" என்றார் டீச்சர்.

மீட்டர் கைபேசியை மேசைமேல் சாய்த்து வைத்து அதே வீடியோவை மறுபடியும் ஓட விட்டான். திரையில் பூப்போட்ட சட்டையும் ஓலைத் தொப்பியுமாக, வாயெல்லாம் பல்லாக ஒரு மனிதர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பின்னால் பச்சைப் பசேலென்று வாழை. அதற்கும் பின்னால் தென்னையோ பாக்கோ, தலை தெரியாத ஏதோ ஒரு மரம்.

"பாரும்மா, பாரு! இது ஊரா? சொர்க்கம்மா, சொர்க்கம். நீ அங்க விறகுக்கட்டை மாதிரி விறைச்சுக் கிடக்கே. நான் இங்க வேர்த்து விறுவிறுத்து நிக்கறேன். அடடா, என்ன வெயிலு, என்ன காத்து! ஆளையே தூக்கிட்டுப் போகுது!"

வீடியோ முடிந்தது.

"எனக்கே பெட்டியைக் கட்டலாம் போல இருக்கு" என்றான் மீட்டர். "ஏன் டீச்சர், சொர்க்கத்துல கார் ஓட்ட ஆள் எடுக்கறாங்களா?"

"எடுப்பாங்க. ஆனா பேசாத ஆளாப் பார்த்து எடுப்பாங்க."

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கரும்பலகை முன் நின்றவர் அல்ல. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருந்துகொண்டு, எரியாத கடை எரிந்துவிட்டது, ஒடியாத இடுப்பு ஒடிந்துவிட்டது என்று வருகிறவர்களை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே உண்மையைக் கக்க வைத்தவர். அந்தப் பார்வை மேலே விழுந்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் தானாக எழுந்து நின்றுதான் பதில் சொல்வான். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேலையை விட்டபிறகு தையல் கடை மாடியில் ஓர் அறையைப் பிடித்து, துப்பறியும் தொழிலில் இறங்கினார். மீட்டர் அதற்கு முன் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது டீச்சரின் காரை ஓட்டுகிறான். டாக்சியில் இருந்த மீட்டர்தான் நின்றுபோனது. வாயில் இருந்தது நிற்கவில்லை.

அறையில் ஹீட்டர் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது. எதிர் நாற்காலியில் கையுறையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த அம்மாள், வீடியோ மனிதரின் மனைவி. மாடிப்படி ஏறி வந்த மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"இவரை எனக்குத் தெரியுமே!" என்றான் மீட்டர். "ரேடியோவுல வானிலை சொல்வாரு இல்ல? ஊரே அவரை லேசான தூறல்னுதான் கூப்பிடும். புயல் வந்து எங்க வீட்டுக் கூரை பறந்தன்னிக்கும் லேசான தூறல்னுதான் சொன்னாரு."

"அவரேதான்" என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் கோபப்படாமல். "அவர் வெயில்னு சொன்னா நான் குடையை எடுத்துக்குவேன். அதனால நான் இதுவரைக்கும் நனைஞ்சதே இல்ல."

டீச்சரின் கண்ணாடி மூக்கில் ஓர் அங்குலம் இறங்கியது. "முதல்லேருந்து சொல்லுங்கம்மா."

அவர் சொன்னார். வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கணவருக்கு ஒரே கனவு. ஓய்வு பெற்ற மறுநாளே இந்தக் குளிருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெப்ப நாடு ஒன்றில் போய்க் குடியேற வேண்டும். சாப்பாட்டு அறைச் சுவரில் உலகப் படம் ஒட்டினார். நிலநடுக்கோட்டுக்கு மேலும் கீழும் இருக்கிற நாடு ஒவ்வொன்றையும் பெண் பார்ப்பது போலப் பார்த்தார். ஒன்றில் புயல் அதிகம். இன்னொன்றில் மழை போதாது. மூன்றாவது எல்லாவற்றிலும் பொருத்தம், ஆனால் பக்கத்திலேயே எரிமலை. கடைசியில் ஒரு தீவு அகப்பட்டது. மழைக் கணக்கு, வெயில் கணக்கு, ஈரக் கணக்கு எல்லாம் பார்த்து, "இதுதான்" என்று ஊசி குத்தினார்.

"நான் முடியவே முடியாதுன்னேன்" என்றார் அந்த அம்மாள். "இக்கரைக்கு அக்கரை பச்சை, அங்க போய்ப் பார்த்தாத்தான் தெரியும்னு கரடியாக் கத்தினேன். தினம் சண்டை. கடைசியில ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் மட்டும் முதல்ல போய் மூணு மாசம் இருந்து பார்க்கறது. தினம் மூணு மணிக்கு என்னோட வீடியோவுல பேசி நிலவரம் சொல்றது. அப்பவும் அது சொர்க்கமா இருந்தா வீட்டை வித்துட்டு நானும் போறது. வீடு என் பேர்ல இருக்கு. எங்க அப்பா குடுத்தது."

"போனாரா?"

"ஆபீஸ்ல மாலை போட்டு, புதுப் பெட்டி வாங்கிக் குடுத்து, பாதிப் பேர் அழுதுகூட அனுப்பி வெச்சாங்க. தினம் மூணு மணிக்கு வாழைமரத்தடியில வந்து நிக்கறார். ஒரு நாள் தவறினதில்ல. நானும் ஒவ்வொண்ணையும் பதிவு பண்ணி வெச்சிருக்கேன். அங்க எல்லாமே அருமையாம்."

"அப்ப என்ன சந்தேகம்?"

அந்த அம்மாள் கைபேசியை எடுத்துப் பைக்குள் வைத்தார். "அவர் நிஜமா எங்க இருக்கார், யாரோட இருக்கார்? அது மட்டும் எனக்குத் தெரியணும். இன்னிக்கு நாலு மணிக்கு வக்கீல் ஆபீஸ்ல கிரயம். வீட்டை வாங்கறவர் வந்துடுவார். அதுக்குள்ள சொல்ல முடியுமா?"

"அதுக்குள்ள அவரையே கொண்டாந்து நிறுத்தறேன்" என்றார் டீச்சர்.

டீச்சர் இப்படி வாக்குக் கொடுத்து மீட்டர் பார்த்ததே இல்லை. அப்பன் கொடுத்த வீட்டை ஒரு பெண் ஏமாந்து எழுதிக் கொடுக்கப்போகிறாள் என்றால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? அவனுக்கே கொதித்தது. அந்த அம்மாள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்ததும், அவன் கதவைச் சாத்தினான்.

"வேற ஒருத்தி. சந்தேகமே இல்ல. இந்த வயசுல பூப்போட்ட சட்டை போடற ஆம்பளை நம்பற ஆளே இல்ல டீச்சர்."

"வீடியோ எல்லாத்தையும் நம்ம போனுக்கு அனுப்பியிருக்காங்க பாரு. எடு. சட்டையை விட்டுட்டு வாழையைப் பாரு."

மீட்டர் பார்த்தான். "வாழை. இலை. பச்சை. நல்லா அகலமா, சுத்தமா இருக்கு."

"எத்தனை கிழிசல்?"

"கிழிசலா? ஒண்ணு கூட இல்லியே."

"வெட்டவெளியில நிக்கற வாழையில கிழியாத இலையைப் பார்த்திருக்கியா? ஒரு வாரம் காத்தடிச்சாலே இலை நார் நாரா தோரணம் கட்டிடும். இங்க என்னடான்னா கடைசி இலை வரைக்கும் முழுசா நிக்குது. ஆளையே தூக்கற காத்தாம், இலை நுனி கூட ஆடல."

மீட்டருக்கு உச்சந்தலையில் ஒரு பல்பு எரிந்தது. அது முழுதாக எரிவதற்குள் டீச்சர் அடுத்ததற்குப் போய்விட்டார். "இப்ப அவர் கண்ணாடியைப் பாரு. மூக்குக் கண்ணாடி. பேச ஆரம்பிக்கறப்ப எப்படி இருக்கு?"

"பனி மூடின மாதிரி இருக்கு. தொடைக்கறாரு. மறுபடி மூடுது, மறுபடி தொடைக்கறாரு."

"எல்லா வீடியோவுலயும் இதே கதைதான். கண்ணாடி எப்ப அப்படி மூடும்?"

"ஏசி ரூம்லேருந்து வெளிய வந்தா மூடும்" என்றான் மீட்டர், தன்னிடமும் ஒரு மூளை உண்டு என்று காட்டிக்கொள்ள.

"ஏசி அவருக்கு ஆகாது, மூக்கடைச்சுக்கும், அங்க ஃபேன் மட்டும்தான்னு மூணாவது வீடியோவுல அவரே சொல்றாரு. நுணலும் தன் வாயால் கெடும்ப்பா. அப்ப குளிர்ந்த கண்ணாடியோட அந்த வெக்கைக்குள்ள எங்கேருந்து நுழையறாரு?"

மீட்டர் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஆட்கள் கழுத்துக்குள் தலையை இழுத்துக்கொண்டு ஆமை போல நடந்துகொண்டிருந்தார்கள்.

"இங்கேருந்தா?" என்றான். குரல் அவனையறியாமல் தணிந்தது.

"குளிர் ஊரு. அதுக்குள்ள வெக்கையா, ஈரமா, காத்தே புகாத ஒரு இடம். வாழை வளர்ற இடம். நம்ம ஊர்ல எங்க இருக்கு?"

"நகராட்சிப் பூங்கா! கண்ணாடி மாளிகை!" மீட்டர் துள்ளினான். "டாக்சி ஓட்டறப்ப சவாரி இல்லேன்னா நான் அங்கதான் போய் உக்காருவேன். காசு குடுக்காம குளிர் காய ஊர்ல அது ஒண்ணுதான் இருக்கு. அடப்பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்க. இவரு தன்னையே வாழை இலையில மறைச்சிருக்காரே!"

"சாவியை எடு" என்றார் டீச்சர்.

மூன்றரை மைல் தூரத்தில் மீட்டர் ஒன்பது பேரைத் திட்டினான், இரண்டு பேரை வாழ்த்தினான். பூங்காவின் பின்பக்கம் கண்ணாடி மாளிகை ஆவி பறக்க நின்றது. வாசலில் ஒரு தோட்டக்காரர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பூப்போட்ட சட்டைக்காரரா? தினம் வருவாரு" என்றார் அவர். "கோட்டு, மப்ளர், கம்பளித் தொப்பி எல்லாத்தையும் கழட்டி அந்த வெந்நீர்க் குழாய்ல மாட்டுவாரு. ஓலைத் தொப்பியைப் போட்டுக்குவாரு. வாழைகிட்ட போய் நின்னு போன்ல யாரையோ பார்த்துச் சிரிப்பாரு. பேசி முடிச்சதும் மறுபடியும் கோட்டைப் போட்டுக்கிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவரு மாதிரி போயிடுவாரு."

"கூட யாராவது வருவாங்களா? பொம்பளைங்க?" மீட்டர் இன்னும் தன் கட்சியை விடவில்லை.

"கூடவா? சலவைத் தூள் வாசனைதான் கூட வரும்."

உள்ளே நுழைந்ததும் டீச்சரின் கண்ணாடி பால் ஊற்றினது போல மூடிக்கொண்டது. அவர் அதைத் துடைக்காமல் திருப்தியோடு தலையாட்டினார். ஈரச் சூடு முகத்தில் வந்து அப்பியது. செடிகளுக்கு நடுவே போன நடைபாதையில், வாழைக்குப் பக்கத்துப் பெஞ்சில், அந்த மனிதர் பூப்போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்து, சிரிப்பைப் பழகிக்கொண்டிருந்தார்.

"தீவு எப்படி இருக்கு சார்?" என்றார் டீச்சர்.

மனிதர் திருடனுக்குத் தேள் கொட்டினது போல விழித்தார். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "தீவா? ஆமா, ஆமா, தீவு. இன்னிக்குக் காலையிலதான் வந்தேன். திடீர்னு. வீட்டுல சொல்லல. ஆச்சரியமா இருக்கட்டும்னு. நீங்க யாரு?"

"உங்க வீட்டம்மா அனுப்பின ஆளு. காலையில வந்தீங்க. சரி. போன செவ்வாய்க்கிழமை அங்க இருந்தீங்களா?"

"இல்லாம? அன்னிக்கு என்ன மழை தெரியுமா? இடியும் மின்னலுமா! கடற்கரையில நடந்துக்கிட்டிருந்தேன், தெப்பமா நனைஞ்சுட்டேன். அவகிட்ட கூடச் சொன்னேனே!"

டீச்சர் தன் கைபேசியை நீட்டினார். அந்தத் தீவின் செய்தித்தாள், புதன்கிழமைப் பதிப்பு. முதல் பக்கத்தில் படகுப் போட்டிப் படம். வானத்தில் மருந்துக்குக் கூட மேகமில்லை. கரையில் ஜனங்கள் கண்ணுக்கு மேல் கை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். கனமழை என்று சொன்ன முன்னறிவிப்பு பொய்த்தது, போட்டி ஜாம் ஜாமென்று நடந்தது என்று கீழே எழுதியிருந்தது.

வேறு எவனாவது இருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பான். லேசான தூறலோ படத்தை உற்றுப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. ஆனால் அது மாட்டிக்கொண்ட முகம் அல்ல.

"பெய்யலியா?" என்றார் நொந்துபோய். "காத்து திசை மாறியிருக்கும். வேற வழியே இல்ல. அத்தனை அறிகுறியும் இருந்துச்சும்மா! நானா இருந்தாலும் கனமழைன்னுதான் போட்டிருப்பேன்!"

"சார்," என்றான் மீட்டர், "ஊர்ல பெய்யாத மழையில தெப்பமா நனைஞ்ச ஒரே ஆள் நீங்கதான். வானிலைக்காரனைத் தவிர வேற எவனும் முன்னறிவிப்பை இப்படி நம்பியிருக்க மாட்டான்."

மனிதர் ஓலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் எல்லாம் தானாகவே வந்தது.

விமான நிலையம் வரை போனது உண்மை. பெட்டியைக் கூட விமானத்துக்குப் போட்டாகிவிட்டது. கதவு திறந்து எல்லாரும் ஏறப் போனபோது அவருக்குக் கால் எழவில்லை.

"மேகத்துக்குள்ள என்னென்ன இருக்குன்னு மத்தவங்களுக்குத் தெரியாதும்மா, தைரியமாப் போறாங்க. எனக்குத் தெரியுமே! சரி, அந்தப் பயத்தைக்கூட பல்லைக் கடிச்சு முழுங்கியிருப்பேன். வரிசையில நின்னப்ப ஒரு ஆளு வந்து, 'யோவ் லேசான தூறல், உன்னை நம்பி என் தங்கச்சி கல்யாணப் பந்தல் நனைஞ்சு போச்சுய்யா'ன்னு சட்டையைப் பிடிச்சான். அப்பத்தான் தோணிச்சு. இங்க தெருவுல இறங்கினா நாலு பேராவது என்னைத் திட்டுவாங்க. அங்க யாரு இருக்கா? நல்லா இருக்கியான்னு கேக்கவும் ஆளில்ல, நாசமாப் போன்னு சொல்லவும் ஆளில்ல. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"மாலை போட்டு அழுது அனுப்பின ஆபீஸ்காரன் முகத்துல எப்படி முழிக்கறது? அதைக்கூட விடுங்க. அவ! 'நான்தான் அப்பவே சொன்னேனே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவா பாருங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் குடையைக் கையில வெச்சுக்கிட்டு அதைத்தான் சொல்றா. இந்த ஒரு தடவை அதைக் கேக்க என்னால ஆகாதும்மா. பழைய சிநேகிதன் ஒருத்தன் சலவைக் கூடத்துக்கு மேல ரூம் குடுத்தான்."

"சரி, தீவைக் கொஞ்சம் திட்டியிருக்கலாமே" என்றான் மீட்டர். "கொசு, பாம்பு, தண்ணி சரியில்லன்னு நாலு வார்த்தை சொல்லிட்டு வீடு வந்து சேர்ந்திருக்கலாம். எதுக்கு சார் சொர்க்கம் சொர்க்கம்னு ஏத்திவிட்டீங்க?"

மனிதர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "திட்டினாலும் அவ சொன்னதுதானே ஜெயிக்கும்? நான் போட்ட கணக்கு வேற. நான் எவ்வளவுக்கெவ்வளவு புகழறேனோ அவ்வளவுக்கவ்வளவு அவ முறுக்கிக்குவா. எதைச் சொன்னாலும் முடியாதுங்கறவதானே? 'நான் வரமாட்டேன், நீங்க திரும்பி வாங்க'ம்பா. உடனே நான் உனக்காகச் சொர்க்கத்தையே விட்டுட்டு வரேன்னு சொல்லி, தலை நிமிர்ந்து வீட்டுக்குள்ள நுழையலாம். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாம்!"

"அவங்க இன்னிக்கு நாலு மணிக்கு வீட்டை விக்கறாங்க" என்றார் டீச்சர்.

தொப்பி மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது.

"என்னது?"

"உங்ககிட்ட சொல்லலியா?"

"நல்ல சேதி ஒண்ணு இருக்கு, இன்னிக்குச் சொல்றேன்னு நேத்து சிரிச்சா. ஐயையோ! அவ சம்மதிக்கமாட்டாளே! சம்மதிக்கறதுக்கு அறிகுறியே இல்லியே!" அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "அது போனா எங்களுக்குத் தலை சாய்க்க இடமில்லம்மா. எப்படியாவது நிறுத்துங்க."

அப்போது அவர் கைபேசி அடித்தது. மணி மூன்று.

"எடுங்க" என்றார் டீச்சர். "எடுத்து, இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லுங்க." சொல்லிவிட்டு மீட்டரின் கையைப் பிடித்து வாழைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மனிதர் தொப்பியைப் பொறுக்கித் தலையில் வைத்தார். பழக்கதோஷத்தில் சிரிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. திரையில் அந்த அம்மாள். பின்னால் அலமாரி நிறையச் சட்டப் புத்தகங்கள்.

"ஏங்க, வேர்க்குதா?"

"வேர்க்குது. அம்மா, ஒரு விஷயம். இந்த ஊரு நல்லா இல்ல."

மீட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டான். இருக்கிறதைச் சொல்லச் சொன்னால் மனுஷன் இப்போதுதான் தீவைத் திட்ட ஆரம்பிக்கிறார்!

"கொசுன்னா கொசு, இவ்வளவு பெருசு. நேத்து கட்டிலுக்கு அடியில பாம்பு. தண்ணியில உப்பு. சாப்பாடு வாயில வைக்க முடியல. கையெழுத்துப் போடாதே. நான் திரும்பி வரேன்."

"அடப்பாவமே. இத்தனை நாளா இல்லாத பாம்பா?" என்றார் அந்த அம்மாள். "உங்க பின்னாடி வாழைக்குப் பக்கத்துல ஒரு நீலக் கம்பளிச் சட்டை தெரியுதே, அதையும் கடிச்சுடப் போகுது. தம்பி, முன்னாடி வந்து நில்லுங்க. டீச்சரம்மாவையும் வரச் சொல்லுங்க."

நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தது மீட்டர்தான். இருவரும் அசடு வழிய முன்னால் வந்தார்கள். மனிதர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒளிய ஒரு இலைகூட மிச்சமில்லை.

"நான் அங்க இல்ல" என்றார். "நான் போகவே இல்லம்மா."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"முதல் வாரத்துலேருந்தே. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல ஒரு வேளைச் சாப்பாட்டையாவது குத்தம் சொல்லாம சாப்பிட்டிருக்கீங்களா? தலையணை உசரம், அடுத்த வீட்டு நாய், காபியில சர்க்கரை, எதுல நொட்டை சொல்லாம இருந்திருக்கீங்க? அங்க ஒரு ஊரே சேர்ந்து உங்களுக்கு ஒரு குறை வைக்கலன்னா அந்த ஊருக்கு நீங்க போகவே இல்லன்னுதானே அர்த்தம்?"

வாழை இலையும் மூக்குக் கண்ணாடியும் படகுப் போட்டியும் டீச்சரின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அணைவதை மீட்டர் பார்த்தான். அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்புறம் எதுக்கும்மா எங்களைத் தேடி வந்தீங்க?" என்றார் டீச்சர்.

"யாரோட இருக்கார்னு தெரிஞ்சாகணும் இல்ல? வேற ஒருத்தியோட இருந்திருந்தா நான் ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டேன். இங்கயே இருந்து ரெண்டு பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன். தனியாத்தானே இருக்கார்?"

"தன்னந்தனியா. சலவைக் கூடத்துக்கு மேல."

"சாப்பிடறாரா?"

"குத்தம் சொல்லிக்கிட்டே சாப்பிடறதாத்தான் தெரியுது."

"அப்ப சரி" என்றார் அந்த அம்மாள். எதிலிருந்தோ விடுபட்டது போல அவர் தோள் தளர்ந்தது. "நாலு மணிவரைக்கும் எதுக்கு இருக்கணும்? வக்கீலும் வந்தாச்சு, வாங்கறவரும் வந்தாச்சு. இப்பவே போட்டுடறேன்."

"போடாதீங்க!" டீச்சரும் மனிதரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஏன்? டீச்சரம்மா, கையெழுத்தைத் தடுக்கணும்னு நான் உங்ககிட்ட எப்பவாவது சொன்னேனா?"

டீச்சர் அறையில் நடந்த பேச்சை மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். சொல்லவில்லைதான்.

"ஏங்க, கேளுங்க" என்றார் அந்த அம்மாள், இப்போது புருஷனிடம். குரலில் விளையாட்டு போய்விட்டது. "முதல் வாரம் சந்தேகம் வந்ததுமே, நீங்க தங்கியிருக்கறதாச் சொன்ன விடுதிக்குப் போன் பண்ணினேன். அப்படி யாரும் வரலியேன்னாங்க அந்த விடுதிக்காரம்மா. அழுதுட்டேன். அந்தம்மா போனை வைக்காம ஒரு மணி நேரம் என்னோட பேசினாங்க. அதுலேருந்து தினமும் பேசறோம். நீங்க வாழைமரத்தடியில நின்னு சொன்னதெல்லாம் பொய். ஆனா அத்தனையும் அங்க நிஜமாவே இருக்கு. கேக்கக் கேக்க எனக்கு ஆசை வந்துடுச்சு. முட்டி வலி எனக்குங்க, உங்களுக்கு இல்ல. இந்தக் குளிர்ல ராத்திரி எழுந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறவ நான். சுவத்துல படத்தை ஒட்டி வெயில் வெயில்னு பேசினது நீங்க, அவ்வளவுதான். பயந்துக்கிட்டு வேண்டாம் வேண்டாம்னு நான் இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டேன். அங்க கடலைப் பார்த்த மாதிரி ஒரு ரூம் பேசி முடிச்சாச்சு. ரெண்டு கட்டில் போடச் சொல்லியிருக்கேன்."

மனிதர் திரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடி மறுபடியும் மூடிக்கொண்டது. இந்தத் தடவை அது மாளிகையின் ஈரம் இல்லை.

"நீ எப்பம்மா கிளம்பறே?" என்றார்.

"வியாழக்கிழமை."

"அப்ப நான்? வீடும் போச்சு, நீயும் போயிட்டா நான் எங்க போவேன்?"

"நீங்க எங்க போறதா? ஊர் உலகத்துக்கெல்லாம் நீங்க அங்கதானே இருக்கீங்க?" என்றார் அந்த அம்மாள். "வெள்ளிக்கிழமை விடிகாலையில நான் அங்க வந்து இறங்கறேன். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு என்னால பெட்டி தூக்க முடியாது. ஏர்போர்ட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

திரை அணைந்தது.

குழாயில் மாட்டியிருந்த கோட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. மீட்டருக்கு நாக்கு நுனியில் நாலைந்து கிண்டல்கள் வந்து வரிசை கட்டி நின்றன. அவன் எதையும் வெளியே விடவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, எதற்கென்றே தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

மனிதர் கோட்டை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். அப்படியே நின்று, மாளிகையின் கண்ணாடிக் கூரை வழியாக மேலே பார்த்தார். மேலே மேகம், எங்கே பார்த்தாலும் மேகம்.

"தம்பி," என்றார் மீட்டரிடம், "கார் கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு சார். எங்க போகணும்? வக்கீல் ஆபீஸா? இப்பப் போனாலும் அவங்க போட்டு முடிச்சிருப்பாங்க."

"அங்க இல்லப்பா." அவர் இன்னொரு கையையும் நுழைக்கப் பார்த்தார். அவசரத்தில் கோட்டுக் கைக்குள் அது வழி தெரியாமல் தவித்தது. "ஏர்போர்ட்டுக்கு விடு. அவ இறங்கறதுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்தாகணும்."